பத்லி ஆள்

பத்லி என்கிற சொல்லை எனக்கு முதலில் சொன்னவர் எங்க சித்தப்பா. கோயம்புத்தூர் மில்லில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பி வந்தவர். "வெடியக்காலம் மில்லு கேட்டுக்கு வெளிய நிப்போம். பர்மனென்ட் ஆளு எவனாவது வரலேன்னா அவன் மிசினுக்கு நம்மளக் கூப்பிடுவான். எல்லாரும் வந்துட்டா சோத்துத் தூக்கத் தூக்கிக்கிட்டுத் திரும்ப வேண்டியதுதான். வேல தெரியாதுன்னு இல்ல. அவனவிட நமக்கு நல்லாத் தெரியும். ஆனா மிசினு அவம் பேர்ல இருக்கு." இவ்வளவுதான் சித்தப்பா சொன்ன விளக்கம். பிற்பாடு ஓசூர் சிப்காட்டில் நானே கேட்டுக்கு வெளியே நின்றபோது அந்தச் சொல் அங்கே புழக்கத்தில் இல்லை. டெம்பரரி, கான்ட்ராக்ட், ட்ரெய்னி என்று வேறு வேறு பேர் வைத்திருந்தார்கள். நிற்கிற இடம் மட்டும் அதேதான்.

எங்க ஊர் தொரப்பள்ளி. ஓசூருக்குப் பக்கம், தென்பெண்ணை ஓரம். வெளியூர்க்காரர்களுக்கு அது ராஜாஜி பிறந்த ஊர். 1878இல் அங்கே பிறந்தார், அவர் அப்பா அந்த ஊர் முன்சீப். அந்த வீடு இப்போது அரசு நினைவு இல்லம். எங்க தெருவுக்கு நினைவு இல்லம் ஒன்றும் கிடையாது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுகிற ஊர்தான். ஆனால் காலனிப் பையனைக் கூப்பிடுகிற தொனி மூன்று பாஷையிலும் ஒன்றாகவே இருக்கும்.

ஏரிக்குள் தண்ணி வற்றினதும் அதுதான் எங்களுக்குக் கிரிக்கெட் மைதானம். ஊர்த்தெருப் பையன்களுக்கு ஆள் குறைந்தால் காலனிப் பக்கம் வந்து குரல் கொடுப்பார்கள். நான் நல்லாப் பந்து போடுவேன், அதனால் என் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஓட ஓட விரட்டிப் பந்து போட வைப்பார்கள். பேட் கடைசியாகத்தான் வரும், பாதி நாள் வரவே வராது. ஆட்டம் முடிந்ததும் அவர்களுக்கு வீட்டுத் திண்ணையில் சொம்பில் மோர், எனக்குக் கையைக் குவித்துக் குடிக்க மேலே இருந்து ஊற்றுகிற தண்ணி. அது அவமானம் என்று அப்போது தெரியாது. நல்லாப் பந்து போட்டேன் என்று நாலு பேர் சொன்ன சந்தோசத்தில் வீட்டுக்கு வருவேன்.

பின்னால் நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் வருசா வருசம் டிபார்ட்மென்ட்டுகளுக்குள் மேட்ச் வைப்பார்கள். டெம்பரரி ஆளைச் சேர்க்கக் கூடாது என்று விதி ஒன்றும் இல்லை. பன்னிரண்டாவது ஆளாகப் பேர் போட்டார்கள். மூன்று வருசம் பன்னிரண்டாவது ஆள். தண்ணி ஜக்கும் டவலும் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடி வருகிற ஆள். அந்த மூன்று வருசத்தில் எனக்குள் ஒரு கேள்வி வளர்ந்துகொண்டே இருந்தது. ஆட்டம் தெரிந்தவனை ஆட்டத்துக்குப் பக்கத்திலேயே நிற்க வைத்து, வேண்டும்போது உள்ளே விட்டு வேண்டாதபோது வெளியே எடுக்கிற இந்த ஏற்பாட்டை எவன் கண்டுபிடித்தான்?

இதெல்லாம் எதுக்குச் சொல்கிறேன் என்றால், பல்வங்கர் பலூ என்கிற மனிதரைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். என் கதையைச் சொல்லாமல் அவர் கதைக்குள் போக முடியவில்லை.

பலூ என்ற பேர் நம்மில் பலருக்கு ஒரே ஒரு விசயத்தில்தான் தெரியும். 1937 தேர்தலில் பம்பாயில் பாபாசாகேப் அம்பேத்கரை எதிர்த்துக் காங்கிரஸ் நிறுத்திய ஆள். அந்த ஒரு வரியோடு அவரை மூட்டை கட்டி ஓரமாக வைத்துவிட்டோம். நானும் அப்படித்தான் இருந்தேன். 2002இல் ராமச்சந்திர குகா இந்தியக் கிரிக்கெட் வரலாற்றை எழுதிய பிறகுதான் அவர் இங்கிலீசு படிக்கிறவர்களுக்குத் திரும்பவும் தெரிந்தார். ஆனால் பலூவின் தம்பி விட்டல் 1948லேயே மராத்தியில் தன் விளையாட்டு வாழ்க்கையை எழுதி வைத்திருக்கிறார். நம்ம ஆள் எழுதி வைத்ததை இன்னொருத்தர் இங்கிலீசில் எடுத்துச் சொல்ல ஐம்பது வருசத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

பலூ 1870களில் தார்வாடில் பிறந்தவர். தார்வாடு கர்நாடகத்தில் இருக்கிறது. பூர்வீகம் கொங்கணக் கரையில் பல்வன் கிராமம், அதனால்தான் பல்வங்கர். சாதி சமார், தோல் வேலை செய்கிற சாதி. அப்பா பிரிட்டிஷ் ராணுவத்தில் வேலை பார்த்தார். ராணுவத்தோடு பூனாவுக்கு வந்த குடும்பம். வெள்ளைக்கார அதிகாரிகள் ஆடித் தூக்கிப் போட்ட பழைய பேட், பந்தை வைத்துக்கொண்டு அண்ணன் தம்பிகள் பழகினார்கள். பலூ, சிவராம், விட்டல், கண்பத் என்று நாலு பேருமே பெரிய ஆட்டக்காரர்களாக வந்தார்கள்.

முதல் வேலை பூனாவில் பார்சிகளின் கிரிக்கெட் கிளப்பில். ஆட்டம் இல்லை, மைதானம் கூட்டி உருளை இழுக்கிற வேலை. மாசச் சம்பளம் மூன்று ரூபாய். 1892 வாக்கில் ஐரோப்பியர்களின் பூனா கிளப்புக்குப் போனார். அங்கே நாலு ரூபாய். தரையைச் சமப்படுத்த வேண்டும், கோடு போட வேண்டும், வலை கட்ட வேண்டும். துரைமார் பேட் பிடித்துப் பழக அவர்களுக்குப் பந்து வீசவும் வேண்டும். பந்து வீசுவதும் கூலி வேலையில்தான் சேர்ந்திருந்தது. பேட் பிடிப்பது துரை செய்கிற காரியம், பிற்பாடு அது மேல்சாதி செய்கிற காரியமாகவும் ஆனது. ஏரிக்குள் எனக்கு பேட் வராமல் போனதின் பூர்வீகம் எனக்கு இங்கேதான் கிடைத்தது.

அந்தக் கிளப்பில் கிரெய்க் என்று ஒரு துரை. நல்ல பேட்ஸ்மேன். தினமும் மற்றவர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து பலூவைப் பந்து போடச் சொல்லிப் பழகுவாராம். தன்னை அவுட் ஆக்கினால் ஒவ்வொரு முறையும் எட்டணா கொடுத்தார் என்று கதை உண்டு. நாலு ரூபாய் மாசச் சம்பளக்காரனுக்கு எட்டணா பெரிய காசு. பலூவின் இடதுகை மெதுவான பந்து இப்படி நூற்றுக்கணக்கான மணி நேரம் கூலிக்குப் போட்டுப் போட்டுச் செதுக்கியது. பலூ பேட் பிடித்துப் பழகுவதற்குத்தான் அங்கே யாரும் பந்து போடவில்லை.

பூனாவின் இந்து கிளப்புக்கு ஐரோப்பியர்களை ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை வந்தது. ஜெயிக்கப் பந்து போடுகிறவன் வேண்டும். இருக்கிற ஆளோ சமார் பையன். சேர்ப்பதா வேண்டாமா என்று பிராமண ஆட்டக்காரர்களுக்குள் பெரிய விவாதம். கடைசியில் ஜெயிக்கிற ஆசை பெரிதாக நின்றது, பலூவைச் சேர்த்தார்கள். மைதானத்துக்குள் அவர் தொட்ட பந்தை எல்லாரும் தொட்டார்கள். பந்தே தோல் பந்து. நம்ம ஆட்கள் உரித்து, பதம் பண்ணி, தைத்துக் கொடுக்கிற தோல். அதைத் தொடையில் தேய்த்துப் பளபளப்பாக்குவதில் யாருக்கும் தீட்டு ஒட்டவில்லை. டீ இடைவேளை வந்தால் மட்டும் தீட்டு வந்துவிடும். மற்றவர்கள் பெவிலியனுக்குள் பீங்கான் கோப்பையில் குடிப்பார்கள். பலூவுக்கு வெளியே, குடித்துவிட்டுத் தூக்கி எறிகிற மண் குவளையில். கை கால் கழுவ மைதானத்து மூலையில் தனியாக ஒரு தாழ்த்தப்பட்ட வேலைக்காரர் தண்ணி கொண்டு வந்து கொடுப்பார். சாப்பாடும் தனி.

இதைப் படிக்கிறவர்கள் நூறு வருசத்துக்கு முந்தின பூனா என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். இரட்டைக் குவளையைப் பற்றி நம்ம பத்திரிகைகள் எத்தனை எழுதியிருக்கின்றன. நான் மேலே சொன்ன, கையைக் குவித்துக் குடித்த தண்ணியும் அதேதான்.

சத்தாரா ஜிம்கானாவைப் பலூவின் பந்தால் பூனா இந்துக்கள் தோற்கடித்தபோது பாராட்டுக் கூட்டம் நடந்தது. அவரோடு ஆடினால் அவரோடு சாப்பிடவும் வேண்டும் என்று மகாதேவ் கோவிந்த ரானடே பேசினார். திலகரும் ஒரு கூட்டத்தில் பலூவைக் கௌரவித்தார். மாலை போட ஆள் இருந்தது. மாலை போட்ட கைகள் தங்கள் தட்டுக்குப் பக்கத்தில் இலை போட்டனவா என்றுதான் நான் கேட்பேன்.

1896இல் பூனாவில் பிளேக் பரவியது. பலூ பம்பாய்க்குப் போனார். ரயில்வேயில் வேலை கிடைத்தது, இந்து ஜிம்கானாவில் இடமும் கிடைத்தது. பம்பாயில் கெடுபிடி கொஞ்சம் தளர்ந்திருந்தது, மற்ற ஆட்டக்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார் என்கிறார்கள். 1906 பிப்ரவரியில் இந்துக்களுக்கும் ஐரோப்பியர்களுக்கும் ஆட்டம். இந்துக்கள் 242, 160. ஐரோப்பியர்கள் 191, 102. 109 ரன்னில் வெற்றி. பலூ இரண்டு இன்னிங்சிலும் சேர்த்து 8 விக்கெட். சிவராமும் அந்த அணியில் இருந்தார். வெள்ளைக்காரனை ஜெயித்துவிட்டோம் என்று தேசம் கொண்டாடியது. அந்த ஜெயத்தின் நடு எலும்பு இரண்டு சமார் சகோதரர்கள்.

1911இல் முதல் அகில இந்திய அணி இங்கிலாந்து போனது. அணித் தலைவர் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங், வயது பத்தொன்பது. ஐந்தாம் ஜார்ஜ் முடிசூட்டு விழா, விருந்து, அரண்மனை என்று அவர் பாதி நாள் அணியோடவே இல்லை. 23 ஆட்டத்தில் 15 தோல்வி. பலூவுக்கு முப்பத்தைந்து வயசு, தோள் வலி. அந்தத் தோளோடு 114 விக்கெட் எடுத்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஒரே இன்னிங்சில் 8 விக்கெட். திரும்பி வந்ததும் பம்பாயின் தாழ்த்தப்பட்ட மக்கள் அவருக்கு வரவேற்பு வைத்தார்கள். அந்த வரவேற்பு மடலை எழுதிப் படித்தவர் பீமராவ் அம்பேத்கர் என்ற இளைஞர், அப்போது கல்லூரி மாணவர். இருபத்தாறு வருசம் கழித்து இதே இருவரும் எதிரெதிரே நின்றார்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இனித்தான் என் விசயம். இந்து அணியில் இவரைவிடப் பெரிய ஆட்டக்காரர் யாரும் இல்லை, அனுபவத்திலும் மூத்தவர். 1910 தொடங்கி 1920 வரை வருசா வருசம் கேள்வி எழுந்தது, பலூவை ஏன் அணித் தலைவர் ஆக்கவில்லை? வருசா வருசம் வேறு பேர் வந்தது. 1913இல் தலைவராக்கப்பட்ட எம். டி. பை ஒரு சாரஸ்வத பிராமணர். நேர்மையான மனிதர். தனக்கு நடந்த பாராட்டிலேயே, இந்த மரியாதை என் நண்பர் பலூவுக்குப் போயிருக்க வேண்டும், மூத்தவரும் அனுபவசாலியும் அவர்தான் என்று சொன்னார். சொன்னார், ஆனால் தலைமை அவரிடமே இருந்தது. அவரைக் குறை சொல்வதில் பிரயோசனம் இல்லை. தேர்வு செய்கிற கமிட்டியில் உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்று பார்க்க வேண்டும்.

1920 டிசம்பரில் போட்டி நடந்தது. பலூவை முதலில் அணியிலேயே சேர்க்கவில்லை. பை நோயில் விழுந்து முதல் ஆட்டத்துக்கு வர முடியாமல் போனது. இருப்பவர்களில் மூத்தவர்கள் சிவராமும் விட்டலும். தலைமையைத் தூக்கி அவர்களைவிட இளையவரான டி. பி. தியோதரிடம் கொடுத்தார்கள். அண்ணன் தம்பி இருவரும் ஆட மாட்டோம் என்று விலகினார்கள். விலகினதோடு நிற்காமல் காரணத்தை அறிக்கையாகவும் வெளியிட்டார்கள், சாதிதான் காரணம் என்று. எனக்கு இந்த இடம்தான் பலூ குடும்பக் கதையிலேயே முக்கியமான இடம். விக்கெட் எண்ணிக்கையைவிடப் பெரிது. கூப்பிட்டால் வருவான், கூப்பிடாவிட்டால் காத்திருப்பான் என்று கணக்குப் போட்டவர்களிடம் முதல் முறையாக வரமாட்டேன் என்று சொன்னார்கள்.

ஊர் இரண்டுபட்டது. காந்தி ஒத்துழையாமை பேசிக்கொண்டிருந்த நேரம். அதே டிசம்பரில் நாக்பூர் காங்கிரஸ் தீண்டாமையை ஒழிக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. இந்து ஜிம்கானாக்காரர்களுக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று. பார்சிகளோடு நடந்த இறுதி ஆட்டத்துக்குப் பை திரும்பி வந்தார், சகோதரர்களை அழைத்தார்கள், பலூவையும் சேர்த்து துணைத் தலைவர் ஆக்கினார்கள். ஆட்டத்தின் நடுவில் பை மைதானத்தை விட்டு வெளியே போய்ப் பலூவின் கையில் அணியைக் கொடுத்தார். நாற்பது தாண்டின வயசில், பத்து வருசம் காத்திருந்து கிடைத்தது அந்தச் சில மணி நேரம். அதையும் தலைவர் வெளியே போனதால் வந்த பதிலித் தலைமையாகத்தான் கொடுத்தார்கள். பத்லி!

இந்த ஏற்பாடு நமக்கு மட்டும் உரியது என்று நினைத்தால் தப்பு. கறுப்பர்களைப் பற்றி நம்ம பத்திரிகைகளில் கவிதை, கதை, பாந்தர் இயக்கம் என்று நிறைய வந்திருக்கிறது. அவர்களுடைய ஆட்டத்தைப் பற்றி அதிகம் வரவில்லை. அமெரிக்காவில் ஃபுட்பால் என்று ஒரு ஆட்டம். நம்ம கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு முட்டி மோதுகிற ஆட்டம். அதில் குவாட்டர்பேக் என்று ஒருத்தன். ஒவ்வொரு தடவையும் பந்து முதலில் அவன் கைக்குத்தான் வரும். யாரிடம் எறிவது, எப்படிப் போவது என்று நொடியில் தீர்மானிக்கிறவன் அவன். அவனுக்கு அடிபட்டால் இறங்க ஓரத்தில் ஒரு பதிலி எப்போதும் தயாராக நிற்பான். வருசம் முழுக்க ஒரு பந்தும் எறியாமல் நிற்கிற பதிலிகளும் உண்டு. இந்த அணியில் இரண்டு வருசம், அந்த அணியில் ஒரு வருசம் என்று ஊர் ஊராய்ப் பெட்டி தூக்கிக்கொண்டு அலைகிற பிழைப்பு.

கறுப்பன் ஓடலாம், தாவலாம், மோதலாம், குவாட்டர்பேக் மட்டும் ஆகக் கூடாது, அதற்கு மூளை வேண்டும் என்பது அங்கே எழுதப்படாத சட்டம். வில்லி த்ரோவர் என்ற கறுப்பர் 1953இல் சிகாகோ அணியில் பதிலியாக இருந்தார். ஒரு நாள் உள்ளே விட்டார்கள், எட்டுப் பந்து எறிந்தார், மூன்று சரியாகப் போய்ச் சேர்ந்தது. அடுத்த வருசம் அவர் அங்கே இல்லை. மார்லின் பிரிஸ்கோ 1968இல் டென்வர் அணியில், முதல் ஆளுக்கு அடிபட்டதால் உள்ளே வந்தார். அந்த ஒரு பருவத்தில் 14 டச்டவுன் எறிந்து காட்டினார். அடுத்த வருசம் அந்த இடத்துக்கு அவரைக் கூப்பிடவே இல்லை. வேறு அணிக்குப் போய்ப் பந்தை எறிகிறவனாக இல்லாமல் ஓடிப் பிடிக்கிறவனாக மாறித்தான் பிழைத்தார். துரைமாருக்குப் பந்து போடு, பேட்டைக் கேட்காதே என்று பலூவுக்குச் சொன்னதின் அமெரிக்கப் பாஷை இது.

டக் வில்லியம்ஸ் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1978இல் டாம்பா அணி அவரை எடுத்தது. தோற்றுக்கொண்டே இருந்த அணியைத் தூக்கி நிறுத்தினார். சம்பளம் வருசத்துக்கு 1,20,000 டாலர். நமக்குப் பெரிய தொகையாகத் தெரியும். ஆனால் மற்ற அணிகளில் ஓரத்தில் நின்ற பதிலிகளில் 12 பேர் இவரைவிட அதிகம் வாங்கினார்கள். இவர் முதல் ஆள், வாங்கினது பதிலியைவிடக் கம்மி. கூட்டிக் கேட்டார், முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை, வெளியே வந்தார். வேறொரு லீக்குக்குப் போனார், அந்த லீக்கே மூழ்கியது. 1986இல் வாஷிங்டன் அணியில் பதிலியாகச் சேர்ந்தார். அந்த வருசம் முழுவதும் அவர் எறிந்தது ஒரே ஒரு பந்து.

1987 பருவத்தில் முதல் ஆள் தடுமாறத் தடுமாற இவரை உள்ளே விட்டார்கள். 1988 ஜனவரி 31, சூப்பர் பவுல் என்கிற இறுதி ஆட்டம். அங்கே முதல் ஆளாக இறங்கிய முதல் கறுப்புக் குவாட்டர்பேக் இவர்தான். முந்தின நாள்தான் பல்லுக்கு வைத்தியம். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் டென்வர் 10 புள்ளி முன்னால். இவருக்கு முழங்கால் மடங்கி வெளியே போக வேண்டியதாயிற்று. திரும்பி வந்தார். இரண்டாவது கால் மணி ஆட்டத்தில் மட்டும் நாலு டச்டவுன் எறிந்தார். வாஷிங்டன் 42, டென்வர் 10. ஆட்ட நாயகன் அவரே. சரி, அப்புறம் அரசனாக இருந்தாரா என்றால் இல்லை. அடுத்த பருவத்தில் வயிற்றில் அறுவை சிகிச்சை, அதற்குள் இடம் இன்னொருத்தருக்குப் போய்விட்டது. 1990இல் அணியை விட்டு அனுப்பினார்கள். 2023 பிப்ரவரியில்தான் இறுதி ஆட்டத்தில் இரண்டு பக்கமும் கறுப்புக் குவாட்டர்பேக் நின்றார்கள். த்ரோவர் எட்டுப் பந்து எறிந்த நாளிலிருந்து எழுபது வருசம்.

பலூ வீட்டிலும் அடுத்த ஆளுக்குத்தான் கதவு திறந்தது. 1923இல் விட்டல் இந்து அணியின் தலைவர் ஆனார். ஐரோப்பியர்களைத் தோற்கடித்தார்கள். கூட்டம் விட்டலைத் தோளில் தூக்கிக்கொண்டு போனது. தூக்கின தோள்களில் பிராமணத் தோள்களும் இருந்தன. அண்ணன் அதற்குள் ஆட்டத்தை விட்டிருந்தார். 33 முதல்தர ஆட்டம், 179 விக்கெட், விக்கெட்டுக்குப் பதினைந்து ரன். கணக்கு அவ்வளவே.

இனி தொரப்பள்ளிக்கும் பலூவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் ஒரு தாளில் இருக்கிறது. 1932 செப்டம்பர் 24, பூனா ஒப்பந்தம். எரவாடா சிறையில் காந்தி பட்டினி கிடக்கிறார். தாழ்த்தப்பட்டோருக்குத் தனி வாக்காளர் தொகுதி என்று பிரிட்டிஷ்காரன் கொடுத்ததைத் திரும்ப வாங்க வேண்டும். கையெழுத்துப் போட்டவர்களில் நம்ம இரட்டைமலை சீனிவாசன், எம். சி. ராஜா இருக்கிறார்கள். எங்க ஊர்க்காரர் ராஜாஜி இருக்கிறார். கையெழுத்துப் போட்ட சந்தோசத்தில் அம்பேத்கரோடு பேனாவை மாற்றிக்கொண்டார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதே தாளில் பி. பலூ என்றும் ஒரு கையெழுத்து.

பலூவும் எம். சி. ராஜாவும் தனித் தொகுதி வேண்டாம், பொதுத் தொகுதியில் ஒதுக்கீடு போதும் என்ற பக்கம் நின்றவர்கள். பிரிட்டிஷ்காரன் கொடுத்தது 71 இடம், ஒப்பந்தத்தில் 148 ஆனது. அதில் 30 சென்னை மாகாணத்துக்கு. எண்ணிக்கையில் இரட்டிப்பு. ஆனால் அந்த 148 பேரில் கடைசியாக யார் ஜெயிப்பது என்பதைத் தீர்மானிக்கிற ஓட்டு சாதி இந்துக்கள் கையில் இருந்தது. அம்பேத்கர் சாகிற வரை சொன்னது இதைத்தான். நான் இதை என் பாஷையில் சொல்கிறேன். நம்ம ஆட்டக்காரனை அணியில் சேர்ப்பார்கள், எந்த நம்ம ஆட்டக்காரன் என்பதை அவர்கள் கமிட்டி முடிவு பண்ணும். ரிசர்வ் தொகுதி என்கிறோம், ஆட்டத்தில் ரிசர்வ் ஆள் என்கிறோம். சொல் ஒன்றாக இருப்பது தற்செயல்தான். ஆனால் எனக்கு அது தற்செயலாகப் படவில்லை.

ஐந்தே வருசத்தில் அந்தக் கமிட்டி கூடியது. 1937 தேர்தலில் பம்பாயில் அம்பேத்கரை யாரை வைத்து அடிப்பது என்று காங்கிரஸ் தேடியது. நாடு முழுக்கத் தெரிந்த தாழ்த்தப்பட்ட முகம் வேண்டும். பலூவை இறக்கினார்கள். அம்பேத்கர் 13,245, பலூ 11,225. இரண்டாயிரம் ஓட்டில் தோற்றார். பலூவை அவர்கள் தலைவராக்க யோசித்துக் கழித்த பத்து வருசத்தை நினைத்துப் பாருங்கள். அம்பேத்கருக்கு எதிராக நிறுத்துவதற்கு அவ்வளவு யோசனை தேவைப்படவில்லை. அதே தேர்தலில் சென்னையில் காங்கிரஸ் ஜெயித்து எங்க ஊர்க்காரர் பிரதமர் ஆனார். எம். சி. ராஜா கோயில் நுழைவுக்கு மசோதா கொண்டு வந்தபோது அந்த மந்திரிசபை அவரைக் கைவிட்டது. ஏமாந்துவிட்டோம் என்று ராஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது. 1953இல் அதே ராஜாஜி முதலமைச்சராக இருந்து, பிள்ளைகள் பாதி நாள் பள்ளிக்கூடம், மீதி நாள் அப்பன் தொழில் என்று திட்டம் போட்டார். பலூவின் அப்பன் சாதித் தொழில் தோல்.

பலூவைக் கையாள் என்று திட்டுவது சுலபம். நம்ம பக்கம் திட்டியும் இருக்கிறார்கள். என்னால் முடியவில்லை. மூன்று ரூபாய்க்கு உருளை இழுத்து, மண் குவளையில் குடித்து, விக்கெட் எடுத்து எடுத்துத்தான் அவர் அந்த அணிக்குள் நுழைந்தார். பொறுத்திருந்து திறமையைக் காட்டினால் ஒரு நாள் உள்ளே விடுவார்கள் என்பதை அவர் உடம்பு கற்றிருந்தது. அரசியலிலும் அதையே நம்பினார். அம்பேத்கர் அந்த அணியில் இடம் கேட்கவில்லை, தனி அணி கேட்டார். இரண்டும் தாழ்த்தப்பட்டவன் கண்ட வழிதான். எது நம்மை எங்கே கொண்டு போய் விட்டது என்பதைப் பார்த்துவிட்டுப் பேசுகிறோம், அவர்களுக்கு அந்த வசதி இல்லை.

பலூ 1955 ஜூலை 4 அன்று பம்பாயில் இறந்தார். 1920இல் விட்டலையும் சிவராமையும் தாண்டித் தலைமை கொடுக்கப்பட்ட தியோதர் பேரில் 1970களில் அகில இந்தியக் கோப்பை ஒன்று தொடங்கப்பட்டது. அவர் பெரிய பேட்ஸ்மேன், அதில் சந்தேகம் இல்லை.

போன மாசம் அக்கா மகன் வந்தான். இடதுகையில் மெதுவாகப் பந்து போடுவான், அதே ஏரிக்குள் பழகினவன். இப்போது ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் இருக்கிறான். "மாமா, கம்பெனி டீம்ல பன்னெண்டாவது ஆளாப் பேரு போட்டிருக்காங்க. ஞாயித்துக்கெழம மேட்சு. போட்டுமா?" என்றான். 1920இல் விட்டலும் சிவராமும் என்ன செய்தார்கள் என்று அவனுக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். பிறகு, "அவங்களுக்கு ரயில்வேல வேல இருந்துச்சா மாமா?" என்றான். பலூவுக்கு இருந்தது என்றேன். "எனக்கு டிசம்பரோட கான்ட்ராக்ட் முடியுது" என்று சொல்லிவிட்டு, ஷூவைத் தேட வீட்டுக்குள் போனான்.